பந்து அறியாத பேதம்

நுழையும்முன்

விளையாட்டுக்களத்தில் ஒருவரின் ஆற்றலை எண்கள் அளந்து சொல்கின்றன. எடுத்த ஓட்டமும் வீழ்த்திய விக்கெட்டும் ஆடியவரின் குலத்தைக் கேட்பதில்லை. ஆனால், அந்த எண்களை எழுதும் மனிதர்கள் குலத்தைக் கேட்டனர். தீண்டாமைச் சுவர் உயர்ந்து நின்ற காலத்தில் ஆடுகளத்தைப் பெருக்கும் பணியாளராக நுழைந்து, இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளராக உயர்ந்தவர் பல்வாங்கர் பாலு. அவருடைய வாழ்க்கை, திறமை திறந்த கதவுகளையும் திறமையால் மட்டும் திறக்க இயலாத கதவுகளையும் நமக்குக் காட்டுகிறது.

பிறப்பும் இளமையும்

பல்வாங்கர் பாலு 1876ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள், இன்றைய கருநாடக மாநிலத்தைச் சேர்ந்த தார்வாடில் பிறந்தார். கொங்கணக் கடற்கரைப் பகுதியிலுள்ள பல்வண் என்னும் சிற்றூரே அவருடைய முன்னோர் ஊர். அவ்வூர்ப் பெயரே குடும்பப் பெயராயிற்று. தோல் பதப்படுத்துதலும் காலணி தைத்தலும் அவர் பிறந்த சமூகத்தின் மரபுத்தொழில்கள். அத்தொழில் காரணமாகவே அச்சமூகம் தீண்டத்தகாதது என ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஊர்க் கிணற்றிலும் கோவில் வாயிலிலும் பள்ளித் திண்ணையிலும் அவர்களுக்கு இடமில்லை.

பாலுவின் தந்தை ஆங்கிலேய இராணுவத்தின் பணியில் இருந்தார். அதனால் குடும்பம் பூனாவில் (இன்றைய புனே) வாழ்ந்தது. பூனா அக்காலத்தில் பெரும் படைத்தளம். வெள்ளை அதிகாரிகள் மாலை வேளைகளில் கிரிக்கெட் ஆடிப் பொழுது போக்கிய நகரம். அவர்கள் வேண்டாமென்று எறிந்த தேய்ந்த பந்துகளும் உடைந்த மட்டைகளுமே பாலுவுக்கும் அவருடைய தம்பி சிவராமுக்கும் விளையாட்டுக் கருவிகளாயின. இளைய தம்பியரான விட்டலும் கண்பத்தும் பின்னாளில் அதே வழியில் வளர்ந்தனர். நால்வரும் சிறந்த ஆட்டக்காரர்களாக விளங்கியது இந்திய விளையாட்டு வரலாற்றின் அரிய நிகழ்வுகளுள் ஒன்று.

குடும்பத்தின் வறுமை பாலுவைப் படிப்பில் நீடிக்க விடவில்லை. பூனாவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் மன்றம் ஒன்றில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுத்துச் சமன்செய்வதும் அவர் பணி. மாத ஊதியம் 3 ரூபாய். உறுப்பினர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டபோது எப்போதேனும் பந்து வீசவும் அழைக்கப்பட்டார். சில ஆண்டுகளில் ஐரோப்பியர்களுக்குரிய பூனா மன்றத்தில் 4 ரூபாய் ஊதியத்தில் வேலை கிடைத்தது. வலை கட்டுதல், கோடு போடுதல், மண்ணுக்கு நீர் தெளித்து உருளையிடுதல் ஆகியவை அவர் அன்றாடப் பணிகளாயின.

மண் கற்பித்த கலை

ஒரு மண்ணை நாள்தோறும் பெருக்கி, நனைத்து, அழுத்திப் பண்படுத்துபவர் அதன் இயல்பை அறிவார். எந்த இடம் ஈரம் காக்கும், எந்த இடம் வெயிலில் வெடிக்கும், எங்கே பட்ட பந்து திரும்பும், எங்கே பட்டது தாழ்ந்து ஓடும் என்பன பாலு தம் கைகளாலேயே கற்ற பாடங்கள். அவர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். விரைவாக வீசி அச்சுறுத்துவது அவர் வழியன்று. பந்தைக் காற்றில் மெல்ல மிதக்கவிட்டு, மட்டையாளர் கணித்த இடத்துக்குச் சற்று முன்னோ பின்னோ விழச்செய்து, இரு பக்கமும் திருப்பும் நுட்பம் அவரிடம் இருந்தது. ஒரே அளவில் சோர்வின்றி நெடுநேரம் வீசும் பொறுமையும் இருந்தது.

அந்நாளில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய மட்டையாளர்களுள் தலைசிறந்தவரெனக் கருதப்பட்ட கிரெய்க் என்னும் இராணுவ அதிகாரி, பாலுவின் பந்துகளை எதிர்கொண்டு நாள்தோறும் பயிற்சி பெற்றார். மற்ற உறுப்பினர்கள் வருவதற்கு முன்பே ஆடுகளம் வந்து பாலுவை வீசச் செய்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் அவர் 8 அணா கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. இவ்வாறு ஒருவர் மட்டை பிடிப்பதிலும் மற்றவர் பந்து வீசுவதிலும் தேர்ந்தனர். ஆயினும், பூனா மன்றத்தில் பாலுவின் கையில் மட்டை கொடுக்கப்படவேயில்லை. மட்டை பிடிப்பது உயர்ந்தோர் உரிமையாகவும், வியர்வை சிந்திப் பந்து வீசுவது பணியாளர் கடமையாகவும் எண்ணப்பட்ட காலம் அது.

மண் குவளை

பூனாவின் இந்துக்களும் ஒரு கிரிக்கெட் மன்றம் நடத்தினர். ஐரோப்பியரை வென்றுகாட்ட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் வேட்கை. வெல்வதற்குப் பாலுவின் பந்துவீச்சு தேவை என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். ஆனால், அவரை அணியில் சேர்ப்பது குறித்து உறுப்பினரிடையே கடும் விவாதம் எழுந்தது. இறுதியில் வெற்றியின் மீதிருந்த விருப்பமே வென்றது, பாலு சேர்க்கப்பட்டார்.

ஆடுகளத்தில் அவர் வீசிய அதே பந்தைப் பிறரும் தொட்டனர். அவர் பிடித்த பந்தை வாங்கி மகிழ்ந்தனர். ஆனால், இடைவேளையில் அனைவரும் அரங்கினுள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்தியபோது, பாலுவுக்கு வெளியே ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படும் மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவுக்குத் தனித்தட்டு, தனியிடம். முகம் கழுவ வேண்டுமெனில், ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பணியாளர் ஒருவரே ஓர் ஓரத்தில் நின்று நீர் வார்த்தார். எல்லைக்கோட்டின் உட்புறம் ஒரு நீதியும் வெளிப்புறம் வேறொரு நீதியும் நிலவின. பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்குத் தீட்டு என்றனர்.

பாலு ஆடிய அணி பூனா ஐரோப்பியரை வென்றது. அடுத்து, சாத்தாராவின் ஐரோப்பிய அணி மோத முன்வந்தது. பாலுவின் சுழலுக்கு இடம் கொடாதிருக்க அங்கு ஆடுகளத்தை ஒரு வாரம் உருளையிட்டு இறுக்கினர். ஆனால், உருளை இழுப்பவர்க்குத் தெரியாத மண் ஏது? பாலு 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்து அணி வென்றது. நீதிபதியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான மகாதேவ கோவிந்த ரானடே, அணியினரின் இரட்டை நிலையைக் கண்டித்தார். உடன் ஆடத் தகுந்தவர் உடன் உண்ணத் தகாதவர் ஆவது எவ்வாறு என்னும் கேள்வி, முதன்முறையாகப் படித்தோர் அவையில் வெளிப்படையாக எழுந்தது. அக்கேள்வியை எழுப்பிய பெருமை நூல்களைவிடப் பாலுவின் பந்துக்கே மிகுதியாக உரியது.

பம்பாய் வெற்றி

1896ஆம் ஆண்டு தொடங்கிய பிளேக் நோய் பூனாவை வாட்டியது. பாலு பம்பாய்க்கு (இன்றைய மும்பை) இடம்பெயர்ந்தார். இராணுவத்திலும் பின்னர் இரயில்வேயிலும் பணியாற்றினார். பம்பாயின் இந்து ஜிம்கானா மன்றத்தில் அவரைச் சேர்ப்பதற்கும் எதிர்ப்பு இருந்தது. மன்றத் தலைவராயிருந்த கீர்த்திகர் எதிர்ப்பைத் தணித்து அவரைச் சேர்த்தார்.

1906ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்து அணியும் ஐரோப்பிய அணியும் மோதின. ஆள்பவரும் ஆளப்படுவோரும் சம அளவிலான களத்தில் எதிரெதிரே நின்ற காட்சியைக் காண மக்கள் திரண்டனர். இந்துக்கள் முதல் ஆட்டத்தில் 242, இரண்டாம் ஆட்டத்தில் 160 ஓட்டங்கள் எடுத்தனர். ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களுக்கு வீழ்ந்தனர். 109 ஓட்டங்கள் வேறுபாட்டில் கிடைத்த அவ்வெற்றியில் பாலு 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தம்பி சிவராமும் மட்டையால் துணைநின்றார். வங்கப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய நாள்கள் அவை. ஆதலால், அவ்வெற்றி விளையாட்டுச் செய்தியாக மட்டும் நின்றுவிடவில்லை.

அதனினும் நுண்ணிய மாற்றம் ஒன்று மன்றத்தின் உள்ளே நிகழ்ந்தது. பாலுவும் சிவராமும் பிற உறுப்பினரோடு ஒருங்கே அமர்ந்து உண்டனர். பூனாவில் வெளியே வைக்கப்பட்ட மண் குவளை பம்பாயில் உடைந்தது. சீர்திருத்த இதழ்கள் ஆட்டத்தின் வெற்றியைவிட இதனையே பெரிதெனப் போற்றின.

1911: கணக்கேடு சொன்ன உண்மை

1911ஆம் ஆண்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய கோடையில், இந்தியா முழுவதற்குமான முதல் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குச் சென்றது. பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் அணித்தலைவர். பார்சிகளும் இந்துக்களும் முகம்மதியரும் சீக்கியரும் அவ்வணியில் இருந்தனர். 35 வயதான பாலுவும் தம்பி சிவராமும் இடம்பெற்றனர்.

அணி 23 ஆட்டங்கள் ஆடியது. வென்றவை 6, தோற்றவை 15. அணித்தலைவராகிய மன்னர் சில ஆட்டங்களோடு விலகி, விருந்துகளிலும் விழாக்களிலும் ஈடுபட்டார். நெடும்பயணமும் பழகாத தட்பவெப்பமும் பிறரைத் தளரச்செய்தன. அவ்வாண்டுக் கோடை இங்கிலாந்தில் வழக்கத்துக்கு மாறாகக் கடும் வெயிலும் வறட்சியுமாக இருந்தது. மழையில் நனைந்து காயும் மண்ணே சுழற்பந்துக்கு உகந்தது. இறுகி வறண்ட களம் மட்டையாளர்க்கே துணைசெய்யும். அத்தகைய கோடையில் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு விக்கெட்டுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக 18.84 மட்டுமே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே ஆட்டப்பகுதியில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். லெஸ்டர்ஷயர் அணியை இந்தியர் வென்ற ஆட்டத்தில் 11 விக்கெட்டுகள் அவருடையவை. சாமர்செட் அணியை ஒரே விக்கெட் வேறுபாட்டில் வென்ற ஆட்டத்தில் சிவராம் நூறு ஓட்டங்களைக் கடந்து ஆட்டமிழக்காமல் நின்றார். தோல்வியே மிகுந்த அப்பயணத்தில் ஒளிவிட்டவர்கள் இச்சகோதரர்களே.

இங்கு ஓர் ஒப்புமையை எண்ணிப் பார்த்தல் தகும். அதே 1911ஆம் ஆண்டில் அமெரிக்கர்களும் தம் நாட்டின் பந்தாட்டமான பேஸ்பாலில் பந்தெறிவோரின் கணக்கைத் தொகுத்தனர். எதிரணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாது முழு ஆட்டத்தையும் எறிந்து முடிப்பது அங்குப் பெருஞ்சிறப்பு. நேஷனல் லீக் என்னும் போட்டித்தொடரில் அவ்வாண்டு புதிதாக ஆடவந்த குரோவர் கிளீவ்லாந்து அலெக்சாண்டர் 28 ஆட்டங்களில் வென்று, அவற்றுள் 7 ஆட்டங்களில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் தராமல் முதலிடம் பெற்றார். அவருடைய ஆற்றல் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால், அந்தப் பட்டியலில் கறுப்பின வீரர் ஒருவர் பெயரும் இடம்பெற வழியில்லை. நிறவேற்றுமை அவர்களைப் பெரும்போட்டிகளின் வாயிலிலேயே தடுத்து நிறுத்தியிருந்தது. 1947இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை அத்தடை நீடித்தது. எண்கள் பொய் சொல்வதில்லை; எனினும், யாரை எண்ணுவது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர். பாலு எண்ணப்பட்டார். ஆதலால், அவருடைய 114 விக்கெட்டுகள் ஓர் ஆட்டக்காரரின் சாதனையாகவும் ஒரு சமூகத்தின் சான்றாவணமாகவும் நிலைபெற்றன.

நாடு திரும்பிய பாலுவுக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பளித்தனர். அவ்விழாவின் வரவேற்பு மடலை எழுதியவர் அப்போது கல்லூரி மாணவராயிருந்த பீமராவ் அம்பேத்கர் என்று பாலுவின் வாழ்க்கையை ஆராய்ந்தோர் குறிப்பிடுவர்.

எட்டாத தலைமை

ஆட்டத்திறனால் பாலு அடைய முடியாத ஒன்றும் இருந்தது. அது தலைமைப் பதவி. பம்பாயில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் ஆகியோரிடையே நடந்த முத்தரப்புப் போட்டி, 1912இல் முகம்மதியரும் சேர நாற்றரப்புப் போட்டியாயிற்று. ஆண்டுதோறும் இந்து அணியின் வெற்றிக்குப் பாலுவின் கையே அடித்தளமாயிருந்தது. ஆண்டுதோறும் அணித்தலைவர் பதவி மட்டும் உயர்சாதி வீரர் ஒருவருக்கே சென்றது. ஆணையை ஏற்று வீசலாம். ஆணையிடக் கூடாது என்பதே எழுதப்படாத விதி.

1920இல் அந்நிலை முற்றியது. பாலு அவ்வாண்டு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தலைமைக்கு உரிய தகுதியுடைய தம்பி விட்டலும் கருதப்படவில்லை. சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகித் தம் எதிர்ப்பை மக்கள்முன் வைத்தனர். சலுகை எதனையும் அவர்கள் கேட்கவில்லை. தகுதியைத் தகுதியாகவே மதிக்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. தீண்டாமையை ஒழிக்காமல் விடுதலை இல்லை என்னும் குரல் நாட்டில் வலுப்பெற்றுவந்த காலமாதலால், பொதுமக்களின் ஆதரவு சகோதரர்களுக்குக் கிடைத்தது. பார்சி அணியுடன் நடந்த அடுத்த ஆட்டத்தில் மூவரும் திரும்ப அழைக்கப்பட்டனர், பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். அணித்தலைவர் பை ஆட்டத்தின் நடுவே களத்திலிருந்து வெளியேற நேர்ந்தபோது, பாலு அணியை வழிநடத்தினார். ஒரு காலத்தில் உருளை இழுத்தவர், 44ஆம் வயதில், பிறர் நிற்க வேண்டிய இடங்களைக் கைகாட்டி நிறுத்தினார்.

முழுமையான நீதி அவர் தம்பிக்கே கிட்டியது. 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். ஐரோப்பியரை அவ்வணி வென்றபோது, உயர்சாதி இளைஞர்கள் அவரைத் தோளில் சுமந்து சென்றனர். அண்ணன் உழுத நிலத்தில் தம்பி அறுவடை கண்டார்.

பொதுவாழ்க்கை

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வேண்டும் என அம்பேத்கர் வாதாடினார். பாலுவும், சென்னை மாகாணத்தின் தலைவரான எம்.சி. இராஜாவும் பொதுத்தொகுதியில் இட ஒதுக்கீட்டை ஆதரித்தனர். 1932இல் எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டபோது உருவான பூனா உடன்படிக்கையில், அம்பேத்கர், இராஜா ஆகியோருடன் பாலுவும் கையொப்பமிட்டார்.

1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு சார்பில் அம்பேத்கரை எதிர்த்துப் பாலு போட்டியிட்டார். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒருகாலத்தில் தமக்கு வரவேற்பு மடல் அளித்த இளைஞரிடம் பாலு தோற்றார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை; செல்லும் வழியிலேயே வேறுபட்டனர். சமூக மாற்றத்தை விரும்பும் நல்லோரிடையேயும் கருத்து வேறுபாடு எழுதல் இயல்பு என்பதற்கு அத்தேர்தல் சான்றாகும்.

1955ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பாலு பம்பாயில் மறைந்தார். அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. முதல்தர ஆட்டங்கள் 33இல் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179, சராசரி 15.21. அவர் வலிமையோடு வீசிய காலத்தில் இந்தியாவுக்கு டெஸ்ட் தகுதி இல்லை. 1932இல் அது கிடைத்தபோது அவருக்கு வயது 56. ஆதலால், டெஸ்ட் வீரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

நிறைவு

இன்று காரைக்குடியின் கல்லூரித் திடல்களிலும் செட்டிநாட்டுச் சிற்றூர்களின் வறண்ட கண்மாய்ப் பரப்புகளிலும் மாலைதோறும் சிறுவர்கள் பந்து வீசுகின்றனர். கானாடுகாத்தான் அரச குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ. சிதம்பரத்தின் பெயர் தாங்கிய சேப்பாக்கம் அரங்கில் ஒருநாள் வீச வேண்டும் என்பது அவர்களுட் பலரின் கனவு. பந்து யார் கையிலிருந்து வந்தது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அந்நிலை தானே வந்துவிடவில்லை. மாதம் 3 ரூபாய்க்கு மண் பெருக்கிய ஒருவர், வெளியே நின்று மண் குவளையில் தேநீர் குடித்தும் மனம் ஒடியாமல், அடுத்த பந்தை அளவு பிசகாமல் வீசியதால் வந்தது. தம்பியர் இருவர் தமக்குக் கிடைத்த இடத்தை அண்ணனுக்காகத் துறக்கத் துணிந்ததால் வந்தது.

திறமை கதவைத் தட்டும். நீதியுணர்வே அதனைத் திறக்கும். உடன் ஆடுபவரை உடன் அமர்த்தி உண்பதும், தகுதியுடையவரைத் தலைவராக ஏற்பதும் களத்துக்கு வெளியே நாம் ஆட வேண்டிய ஆட்டம். அதில் வெல்வதே பல்வாங்கர் பாலுவுக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.

கற்பவை கற்றபின்

1. ஆடுகளத்தைப் பராமரிக்கும் பணி பாலுவின் பந்துவீச்சுக்கு எவ்வாறு துணைபுரிந்தது என்பதை விளக்கிப் பேசுக.

2. பூனாவில் தரப்பட்ட மண் குவளைக்கும் பம்பாயில் நிகழ்ந்த மாற்றத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் சமூகத்தில் நேர்ந்த மாற்றங்களைத் தொகுத்துக் கட்டுரை எழுதுக.

3. உம் ஊரில் சாதி, சமய வேறுபாடின்றி அனைவரும் கூடி ஆடும் விளையாட்டு ஒன்றைப் பற்றி வகுப்பறையில் கலந்துரையாடுக.